எழுபத்தேழு புயலில் நான் செத்தது

ஆதார் அட்டைப்படி எனக்கு வயது அறுபத்திரண்டு. என் முழங்காலைக் கேட்டால் எண்பது என்று சொல்லும். என்னைப் பெற்றவள் இருந்திருந்தால் அறுபத்தைந்து என்று நாள் நட்சத்திரத்தோடு சொல்லியிருப்பாள். அவள் சொல்வதுதான் சரி.

வயது மட்டும் என்றால் இவ்வளவு பீடிகை போட மாட்டேன். வயதைக் கொஞ்சம் இறக்கிக்கொண்ட விளையாட்டுக்காரர்கள் எங்கள் காலத்தில் பத்துப் பதினைந்து பேரையாவது எனக்கே தெரியும். என் விஷயம் அதற்கும் மேலே. பாஸ்கெட்பால் பார்த்த பழைய ஆட்களிடம் சிங்காரவேலு என்றால் இன்றும் புருவத்தை உயர்த்துவார்கள். ஆறடி நாலங்குலம், வங்கி அணியின் சென்டர், இந்தியாவுக்குப் பதினோரு ஆட்டம். அந்தச் சிங்காரவேலு நான்தான். ஆனால் அந்தப் பெயர் என் தம்பியுடையது. எங்கள் அப்பா துரைராசு எனக்கு வைத்த பெயர் அரசப்பன்.

கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊர். 1977இல் தம்பியும் நானும் ஒரே வகுப்பில் இருந்தோம். அவன் முறையாகப் படித்து ஒன்பதாவதுக்கு வந்தவன். நான் இரண்டு முறை பெயிலாகி அவன் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தவன். மார்க் வாசிக்கும்போது முதல் பெயர் அவனுடையதாக இருக்கும். என் பெயர் வருவதற்குள் பாதி வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

அந்த வருடம் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு பள்ளிப் போட்டியில் நான் உயரம் தாண்டுவதைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூரிலிருந்து பஞ்சநதம் என்கிற டிரில் மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். பையனைத் தன்னிடம் விட்டால் இந்தியாவுக்கு ஆட வைக்கிறேன் என்றார். விளையாட்டு விடுதியில் சேரப் பதினைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. மாஸ்டர் அப்பாவைத் தனியாகக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். அங்கே தம்பி மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து, "சின்னவனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சின்னவனுக்கு டி.சி. வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு பெரியவன் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினான். அவ்வளவுதான் வித்தை.

என்னை யாரும் கேட்கவில்லை, சின்னப் பையன், எனக்கு என்ன தெரியும் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். பஸ் வருவதற்கு முன் அப்பா கேட்டார்.

"தம்பி பேரச் சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாப்பியாடா?"

"பாப்பேன்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

தம்பிக்கு, ஒரு வருடம் பொறு, அடுத்த ஜூனில் வேறு பள்ளியில் எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த நவம்பரில் புயல் வந்தது. எங்கள் பக்கம் எழுபத்தேழு புயல் என்றால் இன்றும் வயதானவர்கள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். வீட்டுக் கூரை பறந்தது, மாடுகள் செத்தன, வயல் முழுக்க உப்புத் தண்ணீர். பதினாலு வயதில் தம்பி அப்பாவோடு மண்வெட்டி பிடித்து இறங்கினான். நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு போட்டியில் இருந்தேன். செய்தி தெரிந்தும் மூன்று ஆட்டம் ஆடி முடித்தேன். ஊருக்கு வந்தது பொங்கலுக்கு, கையில் ஒரு கோப்பையோடு. அடுத்த ஜூனில் தம்பியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்சு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ பேரை மட்டும் வைத்துப் பிழைத்தவன் என்று நினைப்பீர்கள். நான் நல்ல ஆட்டக்காரன். பந்து கையை விட்டுக் கிளம்பும் விதத்தைப் பார்த்தே அது ரிங்கில் எந்தப் பக்கம் பட்டு எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். அடுத்தவன் தவறவிட்ட பந்தை எடுப்பதுதான் என் தொழில். அதில் அன்று தமிழ்நாட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் மாநிலப் போட்டியில் கேலரி முழுக்க எழுந்து நின்று "சிங்காரம்! சிங்காரம்!" என்று கத்தியபோது, தம்பி எங்கே வந்திருக்கிறான் என்று கூட்டத்தில் தேடினேன். பிறகு பழகிவிட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலை, இந்திய முகாம், பதினோரு ஆட்டம், இடது முழங்காலில் அறுவை சிகிச்சை, அப்புறம் கவுண்டரில் கிளார்க், கடைசியில் மேனேஜர். எல்லாத் தாளிலும் து. சிங்காரவேலு.

பஸ் ஏறிய அன்றிலிருந்து தம்பியை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தம்பி" என்பதோடு சரி. அந்தப் பெயரை அவனிடம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. முதுகில் இந்தியா என்று எழுதிய ட்ராக் சூட் சட்டை ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தேன். மருந்தடிக்கப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொள்வான். இருபது வருடம் போட்டுக் கிழித்தான்.

இனி நிலத்துக்கு வருகிறேன். எங்கள் தாத்தா 1972இல் ஆறு மா நஞ்சையை, அதாவது இரண்டு ஏக்கரை, பேரன்கள் இருவர் பேரிலும் பத்திரம் எழுதி வைத்துவிட்டுப் போனார். மைனர் அரசப்பன், மைனர் சிங்காரவேலு. பட்டாவும் இருவர் பேரில் கூட்டுப் பட்டா. உழுதது, நட்டது, களை பறித்தது, அறுத்தது எல்லாம் தம்பி. எனக்கு அதில் ஒரு பிடி மண் வேண்டாம். வாயால் நூறு முறை சொல்லியிருக்கிறேன், "எல்லாம் உன்னுதுடா" என்று. ஆனால் பட்டாவை அவன் பேருக்கு மட்டும் மாற்ற அரசப்பன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அரசப்பனுக்கு ஒரு ரேஷன் கார்டுகூடக் கிடையாது. தாசில்தார் ஆபீஸில் போய் நின்றால் ஒரே அப்பனுக்கு இரண்டு சிங்காரவேலு.

அப்பா போனதும் 1998இல் தம்பி முதல்முறை கேட்டான். "வேலைக்கு ஆபத்து வந்துடும்டா, பொறு" என்றேன். பத்து வருடம் கழித்து மறுபடி கேட்டான். "ரிட்டையர் ஆனதும் மொத வேலை அதுதான்" என்றேன். ரிட்டையர் ஆனேன். ஒரு வக்கீலைப் பார்த்தேன். வழி இருக்கிறது என்றார். அரசப்பன் என்கிற சிங்காரவேலு என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, கேட்கிற இடத்தில் எல்லாம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். பென்ஷனுக்குச் சிக்கல் வரலாம், வராமலும் போகலாம் என்றார். பென்ஷனை நினைத்து நான் பயந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். எனக்குப் பயம் பேப்பரைப் பற்றி. கூட ஆடியவர்கள் காலையில் டீக்கடையில் அதைப் படிப்பார்களே என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். இரண்டு வருடம் யோசித்தேன்.

போன மார்கழியில் தம்பி தஞ்சாவூர் வீட்டுக்கு வந்தான். பையில் புது அரிசி. காபி கொடுத்துவிட்டு என் மனைவி அகிலாண்டம் உள்ளே போனாள். அவளுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடமே எல்லாம் தெரியும்.

"கொள்முதல்ல நெல்லு போடணும்னா இப்ப விவசாயிக்குன்னு ஒரு நம்பர் கேக்குறாங்கண்ணே. அதுக்குத் தனிப் பட்டா இருந்தா நல்லதுங்குறாங்க. கூட்டுப் பட்டான்னா இன்னொருத்தர் யாரு எங்கன்னு கேள்வி வருது."

"சரி."

"வி.ஏ.ஓ. அம்மாவப் பாத்தேன். வானதின்னு பேரு, சீர்காழிப் பக்கம். நல்ல புள்ள. ஒண்ணு அந்த அரசப்பனக் கூட்டியாங்க, இல்லன்னா அவரு எறந்த சர்டிபிகேட்டக் கொண்டாங்க, ரெண்டும் இல்லாம எனக்கு வழி இல்லய்யான்னுச்சு."

"நீ என்ன சொன்ன?"

அவன் காபியை ஆற்றினான். ஏற்கெனவே ஆறிப்போயிருந்த காபி.

"செத்துட்டாருன்னு சொல்லிட்டண்ணே."

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராம யோசிச்சுதான் சொன்னேன். எழுபத்தேழு புயல்ல போயிட்டதா எழுதிக் குடுத்திருக்கேன். பத்திரம் அதுக்கு முன்னாடி உள்ளது. பள்ளிக்கூடத்துலயும் அந்த வருசத்தோட உங்க பேர அடிச்சிட்டாங்க, நகல் வாங்கிட்டேன். அதுக்கப்பறம் எந்தத் தாள்லயும் அரசப்பன்னு இல்ல. புயல்ல செத்தவங்கள அன்னிக்கு யாரு உக்காந்து பதிஞ்சா? பொருத்தமா இருக்கும்."

எத்தனை ராத்திரி படுத்து யோசித்திருப்பான்! என்னைக் கொல்லும்போதுகூட எனக்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "வேண்டாம்டா, நான் வந்து சொல்லிடறேன்" என்று எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. சொல்லக் கூசுகிறது, எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "பாத்துச் செய்யி" என்றேன். மேனேஜராக இருந்தபோது கிளார்க்குகளிடம் சொல்வேனே, அதே குரலில்.

அவன் போனதும் அகிலாண்டம் டம்ளரை எடுக்க வந்தாள்.

"நல்லாத் தூங்குவீங்கல்ல இன்னிக்கி?" என்று மட்டும் கேட்டாள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தஞ்சாவூரில் எனக்குப் பாராட்டு விழா. நான் ஆடத் தொடங்கிய மைதானத்தில் மரத்தளம் போட்டுப் புதுக் கோர்ட் கட்டி, அதற்கு என் பெயரை வைக்கிறார்கள். கிளப் செயலாளர் சதீஷ் நான் பயிற்சி கொடுத்த பையன், இப்போது நாற்பத்தைந்து வயது. மேடையில் குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே போனில் கேட்டிருந்தான்.

"சார், உங்க தம்பி பேரு என்ன சார்?"

அந்தக் கேள்விக்கு ஐம்பது வருடமாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். "அரசப்பன்" என்றேன்.

தம்பி வரமாட்டான் என்று நினைத்தேன். சதீஷ் நேரில் போய்ப் பத்திரிகை வைத்து அழைத்துவிட்டான். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். சதீஷ் விடாமல் முன்வரிசைக்குக் கூட்டி வந்தான். பள்ளிப் பிள்ளைகள், பழைய ஆட்டக்காரர்கள், வங்கி ஆட்கள். அதிராம்பட்டினத்திலிருந்து எங்கள் அணியில் கார்டு இடத்தில் ஆடிய அப்சர் ஊன்றுகோலோடு வந்திருந்தான். தூணில் துணி போட்டு மூடிய கருங்கல் பலகை.

சதீஷ் மைக்கைப் பிடித்தான். என் உயரம், என் ரீபவுண்டு, என் பதினோரு ஆட்டம் எல்லாம் சொன்னான். பிறகு குரலை உயர்த்தி, "நம் மண்ணின் மைந்தர், திரு. சிங்காரவேலு அவர்கள்!" என்றான்.

முன்வரிசையில் தம்பி எழுந்து நின்றான்.

நான் மேடை ஓரத்தில் படி ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கை தட்டத் தொடங்கிய கூட்டம், குட்டையாக, கறுப்பாக ஒரு மனிதர் எழுந்து நிற்பதைப் பார்த்துத் தட்டுவதா வேண்டாமா என்று தயங்கியது. பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டென்று உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சதீஷ் சமாளித்தான்.

"சாரோட தம்பி திரு. அரசப்பன். அண்ணன் மேல உள்ள பாசத்துல அவரே எழுந்திருச்சிட்டாரு!"

எல்லாரும் பலமாகத் தட்டினார்கள். தம்பியும் தட்டினான். பலகையின் துணியை விலக்கச் சொன்னார்கள். விலக்கினேன். தங்க எழுத்தில் அவன் பெயர் பளபளத்தது. போட்டோவுக்குச் சிரித்தேன். பேசச் சொன்னபோது என்ன பேசினேன் என்று நினைவில்லை. பார்வை முழுக்க முன்வரிசையில் குனிந்திருந்த ஒரு நரைத்த தலைமேல் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குக் காரில் அவனைக் கொண்டுபோய் விட்டேன். வழியில் அவனே பேசினான்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. பழக்க தோசம். மைக்குல யாரும் இதுவரைக்கும் என் பேரச் சொன்னதில்ல. பள்ளிக்கூடத்துல மார்க் வாசிக்கிறப்ப மொத பேரு வரும்ல, அது மாதிரி ஆயிப்போச்சு."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"புதங்கெழம வி.ஏ.ஓ. ஆபீஸ்ல விசாரணை. நீங்க வரவேணாம். நான் பாத்துக்குறேன்."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை காலை அகிலாண்டத்திடம் சொன்னேன், "ஊருக்குப் போறேன். சொல்லிடப் போறேன்." அவள் என்னை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் வேட்டியை மடித்து எடுத்துக் கொடுத்தாள். ஊருக்கு அரசப்பனாகப் போகிறேன், பேண்ட் வேண்டாம் என்று நானே கேட்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தேன். "அம்மா, நான்தான் அரசப்பன். நான் சாகவில்லை." எட்டாயிரம் பேர் கத்தும் நடுவில் ஃப்ரீ த்ரோ போட்டவனுக்கு இந்த இரண்டு வாக்கியம் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வி.ஏ.ஓ. அலுவலகம் ஒற்றை அறை. வெளியே வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்ததும் தம்பி விருட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தான்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

வானதி நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும். மேஜை மேல் விரித்த கோப்பு.

"அண்ணனா? அவரு எறந்துட்டாருன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"பெரியப்பா மவன்மா" என்றான் தம்பி. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னா ஒசரம்! இந்த ஒசரத்துக்கு ஏதாவது வெளையாட்டுல சேந்திருக்கலாமே ஐயா."

"அந்தக் காலத்துல யாரும்மா சேத்துவிடறது" என்றான் தம்பி.

இதுதான் நேரம். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். துரைராசு மகன் அரசப்பன், வயது பதினாறு, 12.11.1977 அன்று புயலில் இறந்துவிட்டார், மணமாகாதவர், வாரிசு உடன்பிறந்த தம்பி சிங்காரவேலு மட்டுமே. வாசித்து முடித்துப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் போன வாரமே மேல போயிருச்சு. இதுல சொன்னது பொய்னு பின்னாடி தெரிஞ்சா கேஸ் உங்க மேலதான் வரும். பட்டாவும் நின்னுரும். எல்லார்கிட்டயும் சொல்றதத்தான் உங்ககிட்டயும் சொல்றேன்."

"தெரியும்மா" என்றான் தம்பி. என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது பேசினால் பொய்ச் சத்தியம் செய்தவன் என்று தம்பிதான் மாட்டுவான். நிலமும் போகும். நான் உண்மை சொல்லியிருக்கக்கூடிய நாட்கள் நாற்பத்தெட்டு வருடம் முழுக்க இருந்தன. ஒன்றையும் தொடாமல் விட்டுவிட்டு, சொன்னால் அவனைக் கெடுக்கும் ஒரே நாளில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். நியாயமான காரணம்தான். ஆனால் அந்தக் காரணம் கையில் கிடைத்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதற்குத்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

"ஆட்சேபணை ஏதும் உண்டா?" என்று வழக்கம்போல் பொதுவாகக் கேட்டாள். அறையில் நாங்கள் இருவர்தான்.

"இல்லைங்க" என்றேன். பஸ்ஸில் வந்த நேரம் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு நான் பேசிய முதல் வார்த்தை.

தம்பியிடம் தாளை நீட்டினாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை நேராக்கி, நிதானமாக எழுதினான். து. சிங்காரவேலு. அச்சு மாதிரி எழுத்து. நானும் அதே பெயரை நாற்பது வருடம் ஆயிரக்கணக்கான தாளில் கிறுக்கியிருக்கிறேன். ஒரு நாளும் அது அப்படி வந்ததில்லை.

"கையெழுத்து ரொம்ப நல்லாருக்கே ஐயா. எதுவரைக்கும் படிச்சீங்க?"

"ஒம்பதாவது."

"ஏன் நிறுத்திட்டீங்க?"

தம்பி கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தான். "புயல் வந்துருச்சில்லம்மா" என்றான்.

எல்லாம் தெரிந்த ஊர்ச் சாட்சிகள் இருவரும் தம்பிக்காகக் காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷின் பின்னாலேயே வயலுக்குப் போய்விட்டார்கள். கீழே விசாரணையின்போது உடனிருந்தவர்கள் என்று ஓர் இடம் காலியாக இருந்தது. வானதி தாளை என் பக்கம் திருப்பினாள்.

"நீங்களும் கூட இருந்தீங்கன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா. பேர எழுதி, கீழ கையெழுத்து."

பேனாவை வாங்கிக்கொண்டேன். சிங்காரவேலு என்று எழுத முடியாது. இரண்டு அங்குலம் மேலே அதன் சொந்தக்காரன் எழுதிய மை இன்னும் காயவில்லை. அரசப்பன் என்றும் எழுத முடியாது. அவன் செத்துப் போனதாகத்தான் அந்தத் தாளே. வேறு ஒரு பெயர் கற்பனையாகக்கூட வரவில்லை. பந்தை ஒற்றையாகப் பிடித்துத் தூக்கிய கை பேனாவைக் கீழே வைத்தது.

"எழுதத் தெரியாதுங்க" என்றேன்.

தம்பி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாவமாகப் பார்த்தான்.

அவள் ஒன்றும் வித்தியாசமாக நினைக்கவில்லை. மைப்பெட்டியைத் திறந்து என் இடது கட்டைவிரலைப் பிடித்து உருட்டித் தாளில் அழுத்தினாள். என் விரல் அவள் விரலைப் போல் இரண்டு மடங்கு. ஊதா வட்டம் கோட்டை விட்டு வெளியே பரவியது. பக்கத்தில் எழுதப் பேனாவை எடுத்தாள்.

"பேரு?"

நான் தம்பியைப் பார்த்தேன்.

"பஞ்சநதம்னு போட்டுக்கம்மா" என்றான் தம்பி.

அவள் எழுதினாள். இடது கட்டைவிரல் ரேகை, பஞ்சநதம். அன்று கொல்லையில் அவன் வயதைக் கேட்ட டிரில் மாஸ்டரின் பெயர். எனக்குப் பெயர் கொடுப்பது அவனுக்கு இது இரண்டாம் முறை. முதல் முறை அவனை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்து வரப்போரமாக நின்றோம். மை விரல் முழுக்க அப்பியிருந்தது. வேட்டியில் துடைக்கப் போனேன்.

"அண்ணே, வெள்ள வேட்டி. கறை போவாது" என்று தம்பி தன் மேல்துண்டின் நுனியை நீட்டினான்.

"சிங்காரவேலு" என்றேன். பதினாறு வயதுக்குப் பிறகு முதல்முறையாக அவனைப் பார்த்து.

அவன் அறுவடை மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தில் கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா, தெரியவில்லை. இன்னொரு முறை கூப்பிட எனக்குத் துணிவில்லை. அவன் துண்டிலேயே விரலைத் துடைத்துக்கொண்டேன்.